ரிக் வண்டிக்காரர்களுக்கு, ஆகஸ்ட் 15-க்கு முன்னால் ஒரு மடல்

ஆழ்துளைக் கிணறு, நம் பேச்சில் போர், துளைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி உரிமையாளர்களுக்கும், ஏஜெண்டுகளுக்கும், டிரில்லர் தம்பிகளுக்கும் வணக்கமுங்க.

உங்களில் நிறையப் பேருக்கு என்னைத் தெரிந்திருக்கும். ஊருக்குள் பைப் கடை வைத்திருக்கிறேன். கேசிங் பைப், மோட்டார் பைப், கயிறு, ஒயர், வால்வு என்று உங்கள் தொழிலை ஒட்டித்தான் எங்கள் வீட்டு அடுப்பும் எரிகிறது. அதனால் வெளியில் இருந்து குறை சொல்ல வந்தவள் என்று என்னை நினைக்க வேண்டாம். நேரில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிப் பார்த்தால் "சரிங்கக்கா, பார்க்கலாம்" என்று சிரித்துவிட்டு டீ சொல்லிவிடுகிறீர்கள். எழுதினால் அந்த வசதி உங்களுக்கு இருக்காது.

வடக்கே மழை இறங்கி, வயலுக்குள் வண்டி இறக்க முடியாத மாதங்கள் இவை. மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போயிருந்த வண்டிகளில் பல ஊர் திரும்பிப் பட்டறையில் நிற்கின்றன. ஹைட்ராலிக் பார்ப்பது, கம்ப்ரஸர் பிரித்துப் போடுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் இப்போதுதான். சுதந்திர தினத்தன்று வண்டியைக் கழுவி, முன்கண்ணாடி ஓரத்தில் கொடி கட்டி, சாக்லேட் கொடுப்பீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கைவிட்ட போர்களை மூடுவது பற்றிய என் கோரிக்கையும் அந்த ஒரு நாளை ஒட்டித்தான்.

போன சுதந்திர தினத்தன்று மத்தியானம் ஒரு சேனலில் 'அறம்' போட்டார்கள். 2017-ல் வந்த படம். நயன்தாரா கலெக்டராக வருவார். மூடாமல் விட்ட போரில் ஒரு சிறுமி விழுந்துவிடுவாள். ஒரு பக்கம் ராக்கெட் ஏவத் தயாராகிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் குழிக்கு மேலே ஊரே நின்று கயிறு விட்டுக்கொண்டிருக்கும். லீவு நாளாச்சே என்று சொந்தபந்தம் எல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று குடும்பம் வண்டி வைத்திருக்கிற குடும்பம். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். ஒரு பெரியம்மா அழுதே விட்டார். விளம்பரம் வந்ததும் பேச்சு தொடங்கியது. ராக்கெட் விடத் தெரிகிறது, ஒரு குழந்தையை எடுக்க மிஷின் இல்லையா? கலெக்டர் என்ன பண்ணினார், தீயணைப்பு ஏன் தாமதம், அமைச்சர் ஏன் வரவில்லை? நிஜத்தில் நடந்த மாதிரியே ஆளுக்கொரு தீர்ப்பு. ஒருவர் மட்டும் தொழில் தெரிந்தவராகக் கேட்டார், "அவளை எடுக்க ஆறரை இஞ்ச் போரில் ஒரு பையனை எப்படிங்க தலைகீழா இறக்குவாங்க? சினிமாக்காரன் சும்மா எடுத்திருக்கான்."

அந்தக் குழியை யார் போட்டது என்று மட்டும் அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. படத்தில் வரும் ஊர் எங்கேயோ இருக்கட்டும். இந்தியாவில் எந்த மூலையில் ஒரு போர் இருந்தாலும், அதைத் துளைத்தது நம் ஊர் வண்டியாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நாம்தானே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்? கல்யாண வீட்டில் சொல்கிறோம், பெண் பார்க்கப் போகும்போது சொல்கிறோம். படம் பார்க்கும்போது மட்டும் அந்தப் பெருமை எங்கே போய்விடுகிறது?

அந்த ஆறரை அங்குலப் பேச்சையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் நம் எல்லோருக்கும் வசதியான சாக்கு. பாறைக்குள் ஆறரை அங்குலம்தான், சரி. மேல்மண்ணில் அப்படியா போடுகிறோம்? மண் சரியாமல் தாங்கும் கேசிங் இறங்க வேண்டும் என்பதற்காக அகலமாகத் துளைத்து, பாறை தட்டுகிற வரைக்கும் பைப் இறக்கி, அதற்குள் விட்டுத்தான் ஆறரையில் கீழே போகிறோம். தண்ணீர் வந்தால் கேசிங் அங்கேயே நிற்கும். எழுநூறு, எண்ணூறு, ஆயிரம் அடி போயும் தண்ணீர் வராமல் வெறும் பாறைத்தூள் புகை பறந்தால் தோட்டத்துக்காரர் என்ன சொல்கிறார்? "போனது போச்சு, கேசிங்கையாவது உருவிக் கொடுங்க." அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நகையை வைத்துப் போட்ட போர் அது. இருபது, நாற்பது அடி பைப்பாவது மிஞ்சட்டும் என்றுதான் மனசு நினைக்கும். நீங்களும் உருவிக் கொடுத்துவிட்டு அடுத்த பாயிண்ட்டுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். பிடிப்பு இல்லாத மேல்மண் அதற்கப்புறம்தான் வேலையைக் காட்டும். ஒரு மழைக்கு ஓரம் சரியும், இரண்டாம் மழைக்கு வாய் விரியும், சுற்றிலும் புல் முளைத்து மறைத்துவிடும். ஆறரை அங்குலத்தில் குழந்தை விழாது என்று சொல்கிறவர்கள், உருவிய இடத்தை ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும்.

என் கடையில் இதன் கணக்கு வேறு மாதிரி தெரியும். போருக்குப் பைப் வாங்க வருகிறவர்களுக்கு நாங்கள் போட்டுக் கொடுக்கும் சீட்டில் கடைசி வரி கேசிங் மூடி. சில நூறு ரூபாய் சாமான். மொத்தத்தில் கொஞ்சம் குறையுங்கள் என்றதும் முதலில் அடிபடுகிற வரி அதுதான். "சாக்குப்பை கட்டிக்கலாம்", "கல்லு ஒண்ணு வச்சுக்கலாம்." தண்ணீர் வந்த போருக்கே இந்தக் கதி. புகை வந்த போருக்கு மூடி கேட்டு வந்தவர்களை எண்ண ஒரு கை விரலே அதிகம்.

படத்தில் பார்த்ததை நாம் நிஜத்திலும் டிவியில் பார்த்திருக்கிறோம். 2006 ஜூலையில் அரியானாவில் குருக்ஷேத்திரம் பக்கத்து கிராமத்தில் ஒரு சின்னப் பையன் விழுந்தான். சேனல்கள் எல்லாம் நாள் முழுக்க அதையே காட்டின. ராணுவம் வந்து, பக்கவாட்டில் வழி தோண்டி, இரண்டு நாள் கழித்து உயிரோடு தூக்கினார்கள். நாடே கை தட்டியது. அந்தக் கைதட்டலில்தான் நமக்கு ஒரு தப்பான பழக்கம் வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். விழுந்தால் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு.

அப்புறம் 2019. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி. அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது. அக்டோபர் 25-ஆம் தேதி சாயங்காலம் விழுந்தது. முதலில் முப்பதடிக்குள் இருந்த பிள்ளை, மீட்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே எண்பதடிக்கும் கீழே சரிந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு குழி போட்டு அதன் வழியாகப் போகலாம் என்று பெரிய பெரிய எந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். கடும்பாறை. பிட் தேய்ந்ததே தவிர வேகமாக இறங்கவில்லை. 27-ஆம் தேதி தீபாவளி. அந்த வருஷம் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லா வீட்டிலும் அதைத்தான் பார்த்தார்கள். 29-ஆம் தேதி அதிகாலை உடலாகத்தான் எடுத்தார்கள். அந்தப் பாறையில் மணிக்கு எத்தனை அடி இறங்கும் என்று டிவியில் பேசிய யாரையும் விட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மனித உடம்பு நுழையும் அளவுக்கு அகலமான குழியைக் கருங்கல்லில் எண்பதடி போடுவது சாதாரணக் காரியம் இல்லை, அதுவும் பக்கத்துக் குழி அதிராமல். முதல் நாளே இது நடக்காது என்று உங்களில் பலர் உள்ளுக்குள் கணக்குப் போட்டிருப்பீர்கள்.

உயிர் தப்பும் கதைகள் நமக்கு ஏன் பிடிக்கின்றன என்பது புரியாமல் இல்லை. கடைசியில் ஒரு கை மேலே வரும், இசை எழும்பும், நாமும் மூச்சு விடுவோம். மூடி போட்ட போரை வைத்து யாராலும் படம் எடுக்க முடியாது. அதில் கதையே இல்லையே. ஆனால் அந்த ராக்கெட் வசனத்தைத்தான் என்னால் இனிமேல் கேட்க முடியாது போங்க. நிலாவில் இறங்கப் பழகுவதற்கு இஸ்ரோ எடுத்துப் போன மண் எங்கே இருந்து வந்தது? இதே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறை. நிலாத் தரையின் மண்ணோடு அதன் தன்மை ஒத்துப்போகிறது என்பதால் அதைப் பொடித்துப் பரப்பி, அதன் மேல் சோதனை செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது நாம் பட்டாசு வெடித்தோம். ராக்கெட் விடுகிறவர்கள் அவர்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். போர் போடுகிறவர்கள் வேலை பாக்கி இருக்கிறது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு அரசாங்கத்தைத் திட்டுவதால் ஒரு குழி கூட மூடப்போவதில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே நெறிமுறை வகுத்தது. போர் போடுவதற்குப் பதினைந்து நாள் முன்னால் நிலத்துக்காரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளைக்கிற நிறுவனம் மாவட்ட நிர்வாகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் துளைப்பவர் முகவரியும் உரிமையாளர் முகவரியும் போட்ட பலகை வேண்டும், சுற்றிலும் முள்கம்பி வேண்டும். கேசிங்கைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் காங்கிரீட் மேடை, தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். வாய்க்கு இரும்புத் தகடு வெல்டிங், இல்லாவிட்டால் போல்ட் போட்ட மூடி. மோட்டார் கழற்றும்போது கூடத் திறந்து போடக் கூடாது. கைவிட்ட போரைக் களிமண், மணல், கல், துளைத்த பொடி என்று எதையாவது கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2015-ல் ஊராட்சிகளுக்கென்று தனி விதிகளே வந்தன. இதில் எத்தனை பலகையை நீங்கள் நட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கும் சங்கடம், எனக்கும் வியாபாரம் போய்விடும்.

"நிரப்புறதெல்லாம் ஆகிற காரியமாக்கா, ஆயிரம் அடி" என்பீர்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறரை அங்குல விட்டத்தில் ஆயிரம் அடி என்றால் மொத்தம் ஏறக்குறைய 230 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் இரண்டேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒரு டிப்பர் லோடு. பாறையைப் பொடியாக்கினால் அளவு கூடும் என்பதால், துளைத்தபோது வெளியே வந்து குவிந்த பொடியே அதே குழியை நிரப்பி மிஞ்சும். ஆனால் அந்தக் குவியல் நாலே நாளில் யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்கு ஜல்லிப்பொடியாகப் போய்விடுகிறது. நிரப்பும்போது ஒன்று கவனிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நடுவில் எங்காவது அடைத்துக்கொண்டு மேலே நிரம்பின மாதிரி தெரியும், கீழே காலியாகவே இருக்கும். இரண்டு மழை பெய்ததும் மேல்மண் திடீரென்று உள்வாங்கும். மூடிய குழி என்று நம்பி நடப்பதால், அது திறந்த குழியை விட மோசம். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, தண்ணீர் ஊற்றி இறக்கி, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தரம் பார்த்து மேல்நிரப்பு செய்ய வேண்டும். மழைநீர் உள்ளே விடலாம் என்று போரை வைத்துக்கொள்கிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், நல்ல காரியம்தான். கேசிங்கும் மூடியும் நிற்க வேண்டும், தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியாக உள்ளே போக வேண்டும், அவ்வளவே.

இன்னொரு பதில் எனக்குத் தெரியும். "பொறுப்பு நிலத்துக்காரருக்குங்க, நாங்க கூலிக்குத் துளைக்கிறவங்க." கோர்ட்டில் இது நிற்குமோ நிற்காதோ, வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் நிலத்துக்காரர் வாழ்நாளில் நாலு போர் போட்டாலே பெரிது. நீங்கள் ஒரு சீசனில் போடுவது எத்தனை? குழியின் அகலம், மண் எத்தனை அடி, பாறை எங்கே தட்டியது, கேசிங் உருவினோமா இல்லையா, எல்லாம் தெரிந்தவர் நீங்கள். அவருக்குத் தெரிந்தது கடன் மட்டும்.

நான் உங்களிடம் கேட்பது பணம் இல்லை. பில் புத்தகம்.

ஏஜெண்டு ஆபீஸில் இருக்கும் பழைய பில் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். யார் தோட்டம், எந்த ஊர், எந்தத் தேதி, மொத்தம் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, எத்தனை அங்குலத் தண்ணீர் அல்லது புகை, எல்லாம் அதில் இருக்கிறது. கேசிங் உருவியிருந்தால் அந்தத் தொகை கழிந்திருக்கும், அதுவும் தெரியும். வட மாநிலத்து பில்லை எல்லாம் நான் கேட்கவில்லை. சுற்றுவட்டாரம் மட்டும் போதும்: நம் திருச்செங்கோடு தாலுகா, எலச்சிபாளையம், மல்லசமுத்திரம், சங்ககிரிப் பக்கம் போட்டது. அதில் புகை வந்த போர்களை மட்டும் ஊராட்சிவாரியாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தாசில்தார் ஆபீஸில் கூட இந்த விவரம் இவ்வளவு துல்லியமாக இருக்காது.

கொடுக்கிற நாள் ஆகஸ்ட் 15. காரணம் இருக்கிறது. வருஷத்தில் ஆறு நாள் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது, அதில் சுதந்திர தினமும் ஒன்று. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் அதே திடலில் பாயை விரித்து உட்காருகிறார்கள். பெரும்பாலும் தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று போகும், கையெழுத்து வாங்குவதோடு முடியும். அங்கே உங்களில் ஒருவர் எழுந்து நின்று, "நம்ம ஊர்ல நாங்க போட்ட போர்ல இத்தனை ஃபெயிலியர், இன்னின்ன தோட்டம்" என்று வாசித்தால் போதும். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். யார் பெயரையும் கெடுக்க இல்லை. மூடியாகிவிட்டது என்றால் மூடியாகிவிட்டது என்று அவரே எழுந்து சொல்வார். இல்லையென்றால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த வாரத்துக்குள் மூடிவிடுவார். நம் ஆட்கள் நோட்டீஸுக்குப் பயப்படுவதை விட, நாலு பேர் முன்னால் பெயர் வாசிப்பதற்குத்தான் பயப்படுவார்கள்.

நாட்டுப்பற்றுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. ஆடி 18 அன்று சங்ககிரி மலையடிவாரத்தில் தீரன் சின்னமலைக்கு மாலை போட வண்டி வண்டியாகப் போகிறோம். அவரை 1805-ல் அந்த மலைக்கோட்டையில் தூக்கிலிட்டார்கள். 1932 ஜனவரியில் திருப்பூரில் அடி வாங்கிச் செத்த குமரன் நம் சென்னிமலைக்காரர். இரண்டு பேரையும் பேனரில் பெரிதாகப் போட்டு, கீழே நம் படத்தையும் போட்டுக்கொள்கிறோம். அதே நேரம், இங்கே புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி ஆரம்பித்த காந்தி ஆசிரமம் என்ன செய்தது? நூல் நூற்றார்கள், கதர் நெய்ய வைத்தார்கள், சுற்றுப்பட்டு ஊர்களில் குடிக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்கள். சுதந்திரம் வர இன்னும் இருபத்திரண்டு வருஷம் பாக்கி இருந்த காலத்தில், நாட்டுக்காக என்று சொல்லி அன்றாடம் சலிப்பூட்டுகிற வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். பேனர் வைக்கத் தோதான வேலை இல்லை அது. போரை மூடுவதும் அந்த ரகம்தான்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆகஸ்ட் 15 அன்று அவர்களுக்கு லீவு கொடுத்தால் ஷெட்டில் படுத்துக்கொண்டு செல்போனில் படம் பார்க்கிறார்கள். அவர்களை வேலை வாங்கச் சொல்லவில்லை. ஆனால் கேசிங் உருவின இடத்தை மூடாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது என்பதை முதலாளி ஒரு தரம் அவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னால், எந்த மாநிலத்துக்கு வண்டி போனாலும் அந்தப் பழக்கமும் கூடவே போகும். டிரில்லர் சொன்னால் தோட்டத்துக்காரர் கேட்பார். நடு ராத்திரி புகை பறந்து, மனசு உடைந்து நிற்கும் மனுஷன், அப்போது யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். "கேசிங் மேலே பத்து அடியாவது விட்டுடுங்க மாமா, மூடி போட்டுத் தர்றோம்" என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அடுத்த நாள் சொன்னால் நடக்காது.

பைப் கடைக்காரி மூடி விற்கத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறாள் என்று யாராவது சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த ஆகஸ்ட் முழுக்க ஃபெயிலியர் போருக்கான மூடி எங்கள் கடையில் வாங்கின விலைக்கே. பில்லில் எந்த ஊர், யார் தோட்டம் என்று எழுதித்தான் கொடுப்போம், அது ஒன்றுதான் நிபந்தனை. ஆகஸ்ட் 14 ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கடை திறந்திருக்கும். மறுநாள் கிராம சபை முடிந்த பிறகுதான் திறப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பைப் கடை அக்கா,
திருச்செங்கோடு.